கிழக்கே பார்த்த பதினோரு கற்கள்

அத்தியாயம் 6

"எல்லா போட்டோவும் சூப்பரா வந்திருக்குக்கா. ஒரு கல்லு மூஞ்சியில கூட நிழல் இல்ல. எங்க அக்கா கல்யாணத்துக்கு இவுங்களையே கூப்பிட்டிருக்கலாம். அப்ப எடுத்த ஆல்பத்துல மாப்ள யாருன்னே இன்னும் தெரியல."

உதவியாளன் கொளஞ்சியப்பன் சொல்லிவிட்டு வடையைக் கடித்தான். நித்யா மேரி படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கும்போது அவள் குரல் உயராது. கைகள் குளிர்ந்துவிடும். சிதம்பரம் கீழவீதியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அவளுடைய சின்னத் துப்பறியும் அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வெயிலிலும் அவள் கைகள் குளிர்ந்துதான் இருந்தன.

மேஜை மேல் பதினோரு புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிமெண்டு எல்லைக் கல், பாசி படர்ந்து, 31 முதல் 41 வரை ஒரு எண்ணுடன். எதிரே அவற்றை எடுத்த இளவரசி உட்கார்ந்திருந்தாள். ஏழுமுடி சரணாலயத்தில் 'பீட் 4' என்ற ரோந்துப் பகுதியின் வனக்காப்பாளர். பன்னிரண்டு நாட்களாகத் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவள்.

அவள் செய்த குற்றம், உண்மையைச் சொன்னது. மலையின் கிழக்குச் சரிவில் எல்லைக் கற்கள் இடம் மாறியிருக்கின்றன, நானூறு மீட்டர் மேலே ஏறியிருக்கின்றன என்று புகார் எழுதிக் கொடுத்தாள். அந்த நானூறு மீட்டருக்குள் கறுப்புப் பாறை இருந்தது. பாறையை வெட்டக் காத்திருக்கும் ஒரு குவாரி இருந்தது. 'கற்கள் 1978இல் நட்ட இடத்திலேயே இருக்கின்றன, புகார் பொய்' என்று பதில் வந்தது. பழைய வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். நாளை காலை பத்தரை மணிக்கு மலையடிவாரத்து அலுவலகத்தில் விசாரணை. கற்கள் போலி என்று நிரூபிக்காவிட்டால் இளவரசிக்கு வேலை போகும். கிழக்குச் சரிவில் வெடி வைப்பார்கள்.

வெடிக்கான துளைகளை அனுமதி வருவதற்கு முன்பே போட்டுவிட்டார்கள். மூன்று நாட்களுக்கு முன் நித்யா அங்கே ஏறியபோது பார்த்தாள். மூங்கில் புதரைத் தாண்டி, ஓடைச் சத்தத்தைத் தொடர்ந்து போனால் பாறை. அதன் உடம்பெங்கும் சிவப்புப் பெயிண்டில் எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு துளை. ஊசி போடுவதற்கு முன் பஞ்சால் துடைத்து வைத்த தோல் போல இருந்தது. கோடையில் அந்த மலையில் வற்றாத ஓடை அது ஒன்றுதான் என்று இளவரசி அப்போது சொன்னாள். ஈர மணலில் கடமானின் குளம்புகள் பதிந்திருந்தன. அவற்றின் மேலேயே ஒரு பூட்ஸ் தடமும் பதிந்திருந்தது. நித்யாவின் கைகள் அப்போது குளிர்ந்தவை, இன்னும் சூடேறவில்லை.

"நிழல் இல்லையா?" திடீரென்று கேட்டாள்.

"என்னாக்கா?"

"இப்ப சொன்னியே. ஒரு கல்லு மேலயும் நிழல் இல்லன்னு." புகைப்படங்களை வரிசையாகத் திருப்பி வைத்தாள். "இளவரசி, இதெல்லாம் எப்ப எடுத்தீங்க?"

"ஒரே காலையில மேடம். ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள்ள."

"அந்த எல்லை நேர்கோடா போகுதா?"

"இல்ல மேடம். மலை தோள் மாதிரி வளையும். முப்பத்தொண்ணுல வடக்க பாத்து நிப்போம், நாப்பத்தொண்ணுக்கு வரும்போது தெக்க பாத்து நிப்போம்."

"கல்லுல நம்பர் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"வெளிப்பக்கம்தான். வெளியிலேர்ந்து வர்றவனுக்குத்தானே இது காடுன்னு தெரியணும்? அப்ப முப்பத்தொண்ணு வடக்க…"

இளவரசி நிறுத்தினாள். குனிந்து படங்களைப் பார்த்தாள். பதினோரு எண்களின் மேலும் காலை வெயில் நேராக விழுந்திருந்தது. எல்லை வளைந்து போயிருந்தது. கற்கள் மட்டும் ஒன்றுபோலக் கிழக்கே பார்த்து நின்றன.

"நான் இதைப் பாக்கலயே மேடம். தினம் பன்னண்டு கிலோமீட்டர் நடக்கறேன். என் கண்ணு முன்னாடியே நின்னிருக்கு." தன் தொடையிலேயே ஓங்கிக் குத்திக்கொண்டாள்.

"நட்டவனுக்கும் தெரியல. அவன் காட்டை நெனச்சு நடல. கைக்குப் பழகின திசையில நட்டிருக்கான்."

"எந்நேரமும் கிழக்க பாத்து நடறவன்னா கோயில் வேல செய்யறவனா இருக்கும்" என்றான் கொளஞ்சி.

"கோயில் வேலை செய்யறவன் கடல் மண்ணுல கை வைக்க மாட்டான்."

நித்யா இழுப்பறையிலிருந்து ஒரு சில்லை எடுத்தாள். 36ஆம் கல்லின் மூலையில் உதிர்ந்திருந்ததை இளவரசி கொண்டுவந்து கொடுத்தது. சிமெண்டுக்குள் விரல்நகத்தில் பாதி அளவில் ஒரு கிளிஞ்சல், அதில் ஊதா நிறக் கோடு. ஆற்று மணலிலும் கிளிஞ்சல் உண்டு என்று மேலதிகாரி இதை மேஜையிலிருந்து தள்ளிவிட்டாராம். நித்யா கடலூரில் பிறந்தவள். சின்ன வயதில் இந்த ஊதாக் கோட்டுக் கிளிஞ்சலைப் பாவாடை நிறையப் பொறுக்கியவள். அது எந்த ஆற்றிலும் கிடைக்காது.

கடலூர். கிழக்கே பார்த்த கல். இரண்டும் அவளுக்குள் ஒன்றையொன்று தொட்டபோது நினைவுக்கு வந்தது அம்மாவின் சிலுவை. பெயர் கிழக்கே பார்க்க வேண்டும் என்று கயிறு கட்டி, விலகி நின்று, ஒற்றைக் கண்ணை மூடி அளவு பார்த்த ஒரு மேஸ்திரி. உயிர்த்தெழும் நாளில் முகம் உதயத்தைப் பார்க்க வேண்டுமாம். எட்டு வருடம் ஆகிறது. அம்மாவின் முகமே சில நாள் சரியாக வருவதில்லை, அந்தக் கயிறு மட்டும் அப்படியே நிற்கிறது.

"கல்லறைக்குக் கல்லு வெக்கிறவர்" என்றாள். "வண்டிய எடு."

படியில் இளவரசியின் கணவன் அறிவழகன் ஏறி வந்துகொண்டிருந்தான், கையில் பிளாஸ்க்கோடு. லைசென்ஸ் வாங்கிய சர்வேயர். மனைவியை இங்கே இறக்கிவிடுவதற்காகக் காலை ஆறரைக்கே நித்யாவுக்குப் போன் செய்து, ஆபீஸ் திறந்திருக்குமா என்று கேட்டவன்.

"டீ குடிச்சிட்டுப் போங்க மேடம். ஞாயித்துக்கிழமையில கூட உங்களுக்கு அலைச்சல். நான் இவகிட்ட சொல்லிட்டேன், ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துடுன்னு. வேலையாவது மிஞ்சும். சமவெளியில ஏதாவது ஆபீஸ்ல போடுவாங்க."

"சாயந்தரம் வரைக்கும் எழுத வேணாம்னு சொல்லுங்க" என்றாள் நித்யா.

"நான் எங்க சொல்றது? அவ என்னைக்கு என் பேச்ச கேட்டா?" அவன் சிரித்தான். இளவரசி சிரிக்கவில்லை.

---

புதுச்சத்திரம் தாண்டும் வரை கொளஞ்சி வாயைத் திறக்கவில்லை. அது அவனுடைய சாதனை.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நீங்க பின்னாடி உக்காந்துகினு கோவப்படறது ஹேண்டில் வரைக்கும் தெரியுது. வண்டி நடுங்குது."

"உன் வண்டி எப்பவுமே நடுங்கும்."

"இது வேற நடுக்கம்."

அவள் சிரித்தாள். சிரித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளை விசாரித்தபோது எல்லோரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: கோபப்படாதீங்க மேடம். கோபப்படாமல் கேட்டால்தான் பதில் வரும் என்று அவளும் நம்பினாள். அதை இவ்வளவு நன்றாகப் பழகிவிட்டதில், எந்தக் கோபம் தனக்குரியது, எந்தக் கோபம் வேலைக்குரியது என்று பிரிக்க முடியாமல் போனது. அந்தப் பாறையின் துளைகளைப் பார்த்த அன்று அந்தக் குழப்பம் இல்லை. அது அவளுக்குரிய கோபம்தான்.

கடலூர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஜோதி மேரி என்ற பெண்மணி மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்தார். பூசை முடிந்து வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் உள்ளே நின்றிருந்தார்கள். நித்யா அம்மாவின் சிலுவை முன் ஒரு நிமிடம் நின்றாள். அடியில் உதிர்ந்திருந்த காரையை விரலால் தேய்த்தாள். ஊதாக் கோடு தெரிந்தது.

"இந்தச் சிலுவை யார் செஞ்சதுங்க?"

"செபாஸ்டின் மேஸ்திரி" என்றார் ஜோதி மேரி. "நாலஞ்சு பேரு செய்யறாங்க. ஆனா கயிறு கட்டி கிழக்கு பாக்குறது அவரு ஒருத்தர்தான். கொஞ்சம் கோணினாலும் புடுங்கிட்டுத் திரும்ப நடுவாரு. செத்தவங்களே போதும்ப்பா விடுன்னு சொல்லணும், அது வரைக்கும் விட மாட்டாரு."

"கடல் மண்ணுல செய்யலாமாக்கா?" என்றாள் நித்யா.

"ஆத்து மண்ணு எங்கம்மா கெடைக்குது? சிலுவைக்கு மேல மாடியா கட்டப் போறோம்?"

---

முதுநகரில், உப்பனாற்றுப் பக்கம், செபாஸ்டினின் பட்டறை. கிணற்று உறைகள், வேலிக் கம்பங்கள், சுவரோரம் சாய்த்து வைத்த சிலுவைகள். அவர் மனைவி ரோசி குழாயால் சிலுவைகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பூசைக்கு உடுத்திய வெள்ளை வேட்டியோடு செபாஸ்டின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கொளஞ்சி ஆரம்பித்தான். "மேஸ்திரி, எல்லைக் கல்லு வேணும். பதினொண்ணு."

ரோசியின் கையில் குழாய் அசையாமல் நின்றது. ஒரே சிலுவையின் மேல் தண்ணீர் கொட்டியது.

"மறுபடியுமா?" என்றார் ரோசி.

கொளஞ்சி நித்யாவைப் பார்த்தான். மீனே கரைக்கு வந்து பேர் சொன்ன மாதிரி அவன் முகம் ஆயிற்று.

"மொத தடவ எங்க நட்டீங்க மேஸ்திரி?" நித்யா கேட்டாள்.

மறுப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்து அதற்கான கேள்விகளை வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். செபாஸ்டினின் முகம் மலர்ந்தது.

"ஏழுமுடின்னு ஒரு மலை மேடம். மேக்கால. அங்க இருக்குற ஜனங்களுக்குச் செத்தா பொதைக்க எடமில்லயாம். யாரோ நல்ல மனுசன் எடம் குடுத்திருக்காரு, கல்லறைத் தோட்டத்துக்கு எல்லைக் கல்லு நடணும்னு ஒரு தம்பி வந்து கேட்டாரு. நான் கூலியே வாங்கல. அந்த மாதிரி வேலைக்கு வாங்கக் கூடாது."

"நீங்களே போய் நட்டீங்களா?"

"பின்ன? ஆடியில ரெண்டு நாளு. வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போனாரு. சுண்ணாம்பு போட்டு எடம் குறிச்சிருந்தாங்க. எனக்கு வயசு அம்பத்தெட்டு மேடம், கடலைத் தவிர பெருசா ஒண்ணும் பாத்ததில்ல. அங்க மேகம் முட்டிக்கால் உசரத்துல வருது, நம்மள ஒதுங்கச் சொல்ற மாதிரி. காலையில ஒரு மான், மாடு உசரம் இருக்கும், ஓடையில தண்ணி குடிச்சிட்டு என்னைப் பாத்துச்சு. ஓடல. நான் நோண்டி வெச்ச குழிய மோந்து பாத்துட்டுத் தன்னால போச்சு. நல்ல எடத்துலதான் ஜனங்கள வெக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

நித்யாவின் கோபம் ஒரு கணம் போக இடமில்லாமல் நின்றது. இந்த மனிதர் மேல் கொட்டுவதற்காகத்தான் அதை நாற்பத்தைந்து கிலோமீட்டர் சுமந்து வந்திருந்தாள்.

"அது கல்லறைத் தோட்டம் இல்ல மேஸ்திரி" என்றாள். "சரணாலயம். யாரும் ஒரு செடிய கூடப் புடுங்கக் கூடாத காடு. பழைய எல்லைக் கல்லு கீழ இருந்துச்சு, அதை எடுத்துட்டாங்க. இப்ப நீங்க நட்டதுதான் எல்லைன்னு சொல்றாங்க. அதுக்குக் கீழ இருக்கற பாறைய வெடி வெச்சு உடைக்கப் போறாங்க. மான் தண்ணி குடிச்ச ஓடையும் போயிடும்."

குழாய் தரையில் விழுந்து பாம்புபோலத் துள்ளியது. கொளஞ்சி ஓடிப் போய் மூடினான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் ரோசி. "கல்லு மேல மோரும் சாணியும் கரைச்சு ஊத்தச் சொல்றானே, சீக்கிரம் பாசி புடிக்கணும்னு சொல்றானே, கல்லறைக்கு எதுக்குய்யா பாசின்னு கேட்டேன். பச்சையா இருந்தா அழகா இருக்கும்னு அவன் சொன்னதையே திருப்பிச் சொன்ன நீ."

செபாஸ்டின் எழுந்து நின்றார். வேட்டியின் முனையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். "எங்க வரணும் மேடம்? எங்க வந்து சொல்லணும்?"

"நாளைக்குக் காலையில விசாரணை. ஆனா நீங்க சொல்றது மட்டும் பத்தாது. நாங்க சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தோம்னு அவங்க வக்கீல் சொல்லுவான். கல்லு பேசணும்."

"நம்ம ஊர்ல மனுசன் பேசறதே எடுபடல" என்று கொளஞ்சி முணுமுணுத்தான்.

செபாஸ்டின் ரோசியின் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"பேசும் மேடம். அடியில பேரு இருக்குது."

"என்ன பேரு?"

"பேரில்லாத கல்ல நான் நட்டதே இல்ல. அந்தத் தம்பிகிட்ட கேட்டேன், யாரு பேரையாவது போடணும்னு. நம்பர் மட்டும் போதும்னாரு. ஒரு கல்லறைத் தோட்டத்தோட மொத கல்லு, பேரில்லாம எப்பிடி நடறது? மண்ணுக்குள்ள போற பக்கத்துல, ஈரம் காயறதுக்குள்ள ஆணியால எழுதிட்டேன். சுனாமியில போனவங்க பேரு. ஒடம்பு கெடைக்காதவங்க. கல்லறை இல்லாதவங்க. எங்க தெருவுல பதினோரு பேரு."

1978இல் நட்டதாகச் சொல்லும் கற்களின் காலடியில், 2004இல் கடல் கொண்டுபோனவர்களின் பெயர்கள். வெளியே தெரியாமல், மண்ணுக்குள்.   

"பதினொண்ணா?" என்றார் ரோசி. குரல் வேறு மாதிரி இருந்தது. "நம்ம தெருவுல பத்துன்னுதானே கணக்கு சொல்லுவ? நம்மள சேத்தாத்தான் பதினொண்ணு. ஸ்டெல்லா பேர எழுதினியா?"

செபாஸ்டின் தலையை ஆட்டினார்.

"எங்கிட்ட சொல்லாம."

"சொன்னா நீ அழுவ."

"எந்தக் கல்லு?"

"முப்பத்தாறு. ஓடைக்குப் பக்கத்துல. தண்ணி சத்தம் கேட்டுகினே இருக்கும்னு."

நித்யாவின் பைக்குள் அந்தக் கல்லின் சில்லு இருந்தது. காலையில் அதை எவ்வளவு அலட்சியமாக இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜையில் போட்டாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஸ்டெல்லாவுக்கு என்ன வயது என்று கேட்க வாய் வரவில்லை. ரோசி தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு உயரத்தில் கையை வைத்தார், யாரும் கேட்காமலே. பிறகு அந்தக் கையாலேயே கணவனின் சட்டையைப் பிடித்தார்.

"எம் பொண்ணு பேர எவனோ திருடறதுக்கு அடியில வெச்சிட்டு வந்திருக்க. நாளைக்கு நீ போய் அந்தக் கல்ல எடுக்கற."

"நட்ட கல்ல எடுக்கக் கூடாது ரோசி. அதுவும் அவ பேரு…"

"நீ எடுக்கலன்னா நான் எடுப்பேன். கடப்பாரை எங்க இருக்குதுன்னு எனக்கும் தெரியும். அவ பேரச் சொல்லிகினு பாறைய உடைப்பானுங்களாமா? அந்த மானு தண்ணி குடிக்கற எடத்த?"

செபாஸ்டின் தன் சட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அப்புறம், "விடியக்கால பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றார். சட்டையை ரோசி விட்டார். பொத்தான் ஒன்று அறுந்து கீழே கிடந்தது.

"அந்தத் தம்பி யாரு மேஸ்திரி?"

செபாஸ்டின் உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்தார். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். எல்லைக் கல்லின் படம், அதன் உயரம், அகலம், எண்ணின் வடிவம், எல்லாம் ஸ்கேல் வைத்து வரைந்து, உருண்டையான கையெழுத்தில் குறித்திருந்தது. மூலையில் 'பீட் 4, ரோந்து' என்று தேதியோடு ஒரு கையொப்பம்.

அந்தக் கையெழுத்தை நித்யா அறிவாள். பன்னிரண்டு நாட்களாக அதே கையெழுத்தில் எழுதிய புகாரைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா" என்றான் கொளஞ்சி. அவன் ஜோக் அடிக்கவில்லை. "இது இளவரசி நோட்டு."

அந்த ஒரு நிமிடத்தில் நித்யா தன்னையே வெறுத்தாள். ஏனென்றால் அவள் மனம் உடனே நம்பிவிட்டது. அந்தப் பெண் தொடையில் குத்திக்கொண்டது நடிப்பு, புகார் ஒரு நாடகம், எல்லாமே பொருந்துகிறது என்று அடுக்கிக்கொண்டே போனது. பன்னிரண்டு வருடப் பழக்கம். யாரையும் நம்பாமல் இருப்பது எவ்வளவு சுலபமாகக் கைகூடி வருகிறது.

"தம்பி போன் நம்பர் இருக்கா?"

செபாஸ்டின் தன் பழைய போனைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நித்யா தன் போனில் அடித்தாள். பத்தாவது எண்ணை அடிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் திரையில் பெயர் வந்துவிட்டது. காலை ஆறரைக்கு வந்த அழைப்பு.

அறிவழகன்.

---

சிதம்பரம் வண்டிகேட்டில் இளவரசியின் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி மூன்று. அறிவழகன்தான் திறந்தான்.

"வாங்க மேடம். காபி போடட்டா?"

"வேணாம். மேஸ்திரி செபாஸ்டின் உங்களை விசாரிச்சாரு."

அவன் கதவின் கொண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓடுவான், கத்துவான் என்று கொளஞ்சி ஒரு காலைப் படியிலேயே வைத்திருந்தான். அறிவழகன் வழிவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

கூடத்து மேஜையில் மன்னிப்புக் கடிதம் டைப் அடித்து இருந்தது. கையெழுத்துப் போட ஒரு கோடு. அதன்மேல் மூடி திறந்த பேனா.

"யோசிச்சுப் பேசுங்க மேடம்" என்றான் மெதுவாக. "அந்தத் தாள் அவ நோட்டு. அவ கையெழுத்து. நாளைக்கு அதைக் காட்டினீங்கன்னா மொதல்ல உள்ள போறது அவதான். உங்க கட்சிக்காரங்கள நீங்களே மாட்டி விடுவீங்களா? இந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டா யாருக்கும் ஒண்ணுமில்ல."

"மலைக்கு?"

"மலை!" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "ஆறு வருசம் மேடம். வாரத்துல நாலு நாளு அங்க. மிச்சம் மூணு நாளு இங்க உக்காந்துகினு அங்க மழையா, அங்க தீயான்னு போன்ல கேட்டுகினு இருப்பா. எனக்கு ஜுரம்னா ஒரு மாத்திரை எடுத்துக் குடுப்பா, அங்க ஒரு மான் நொண்டினா ராத்திரி பூரா தூங்க மாட்டா. குவாரிக்காரங்க வேலை குடுத்தாங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காக மட்டும் செய்யல. அந்தச் சரிவு போனா பீட் போயிடும். பீட் போனா இவ வீட்டுக்கு வருவா."

"அதான் என் நோட்ட எடுத்தியா?"

சமையலறை வாசலில் இளவரசி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் ஈரம். முகத்தில் ஈரம் இல்லை.

"இளா, நான் சொல்றத…"

"கல்லு நம்பர் எப்பிடி எழுதியிருக்கும்னு ஒருநாள் கேட்ட. நான் சந்தோசப்பட்டேன். ஆறு வருசத்துல மொத தடவையா என் வேலையப் பத்திக் கேக்கறானேன்னு. உக்காந்து நோட்டுலயே வரைஞ்சு காட்டினேன்."

நித்யா மேஸ்திரியைப் பற்றிச் சொன்னாள். கல்லுக்கு அடியில் இருக்கும் பெயர்களைப் பற்றி, நாளை விடியற்காலைப் பஸ்ஸைப் பற்றி. கடைசியில் அந்த ஜெராக்ஸ் தாளையும் மேஜையில் வைத்தாள். "உங்க வீட்டுக்காரர் சொல்றது ஒரு விதத்துல சரி இளவரசி. இது வெளிய வந்தா உங்க மேலயும் கேள்வி வரும். வேலை போகலாம். நான் இதை மறைக்க மாட்டேன், ஆனா உங்களுக்குத் தெரியாம காட்டவும் மாட்டேன்."

இளவரசி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மன்னிப்புக் கடிதத்தைக் கையில் எடுத்தாள். அறிவழகன் மூச்சை விட்டான். அவள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனாவை எடுத்தாள்.

"சஸ்பெண்டுல இருக்கறவங்க கேசு போட முடியாதே" என்றான் கொளஞ்சி, தயங்கி.

"புகார் எழுதலாம்." விறகு வெட்டியவனையும் வலை வைத்தவனையும் எதிரே உட்கார வைத்து எழுதிய பழக்கத்தில், தாளின் இடதுபக்கம் கோடு போட்டாள். "பேரு?"

"விளையாடாத."

'அறிவழகன்' என்று எழுதினாள். "தகப்பனார் பேரு?"

"எங்கப்பா பேரு உனக்குத் தெரியாதா?"

"வாயால சொல்லணும்."

அவன் நித்யாவைப் பார்த்தான், கொளஞ்சியைப் பார்த்தான். அவள் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"கோவிந்தசாமி."

"தொழில்?"

"சர்வேயர்."

குற்றம் என்ற இடத்தில் ஒன்பது வரி எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். அடுத்து, 'அளவுகள் என்னுடைய ரோந்து நோட்டிலிருந்து எடுக்கப்பட்டன, அதைப் பாதுகாக்காதது என் அஜாக்கிரதை' என்றும் எழுதினாள். எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிடும்போல அழுந்தியது. அவள் குரல் மட்டும் தாழ்ந்தே இருந்தது. நித்யாவுக்கு அந்தக் கோபம் தெரிந்தது. தனக்குள் இருப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது.

"முகவரி?"

 அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கதவு எண், தெரு, வண்டிகேட், சிதம்பரம் என்று தானே எழுதினாள்.

கீழே புகார்தாரர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கும் கீழே, புகார்தாரர் முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது. வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள்.

"மேடம், இப்போதைக்கு உங்க ஆபீஸ் முகவரிய போட்டுக்கட்டுமா?"

நித்யா பின்கோடோடு சொன்னாள்.